கேள்வி கேட்பது தேசத்துரோகமா?



2020 மார்ச் மாதக் கடைசி வாரத்தை நீங்கள் மறந்திருக்க முடியாது. 24ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றினார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார். நான்கே மணி நேர அவகாசம்! டெல்லியின் பெரிய அங்காடி முதல் நம் சங்கராபுரம் கடைவீதி வரை எல்லாக் கடைகளும் ஷட்டரை இறக்கின. வேலையும் கூலியும் இழந்த லட்சக்கணக்கான தொழிலாளர்கள் பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு சொந்த ஊருக்கு நடக்கத் தொடங்கினார்கள்.

அந்த நேரத்தில் நாட்டில் இரண்டு வகைக் கேமராக்கள் இயங்கின.

ஒரு வகைக் கேமரா டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸை நோக்கித் திரும்பியது. நோய்க்கும் மதம் உண்டு என்று கண்டுபிடித்தது! 'கொரோனா ஜிஹாத்' என்ற சொல்லை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. விளைவு என்ன? வட மாநிலங்களில் தள்ளுவண்டியில் காய்கறி விற்ற ஏழை முஸ்லிம் விரட்டப்பட்டான். முஸ்லிம்களிடம் காய்கறி வாங்காதீர்கள் என்று உத்தரப்பிரதேசத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினரே பேசினார். அவருடைய கட்சியே விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டிய அளவுக்கு அது போனது.

இன்னொரு கேமரா மேல்நோக்கித் திரும்பியது. பரிசோதனை வசதி போதுமா? மருத்துவர்களுக்குப் பாதுகாப்பு உடை எங்கே? நடந்து போகும் இந்த மக்களுக்கு யார் பொறுப்பு? இப்படி ஆட்சியாளர்களைப் பார்த்துக் கேட்டது. மார்ச் 30ஆம் தேதி யூடியூபில் வெளியான அந்த நிகழ்ச்சியை நடத்தியவருக்கு வயது 66. பெயர் வினோத் துவா.

முதல் வகைக் கேமராக்காரர்களுக்கு விளம்பரம் குவிந்தது. இரண்டாமவர் மீது தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது!

சங்கராபுரத்தில் மளிகைக் கடையோ துணிக்கடையோ வைத்திருக்கும் நமக்கும், டெல்லியில் இந்தியில் பேசிய அந்த மனிதருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறோம்.

யார் இந்த வினோத் துவா?

1954 மார்ச் 11ஆம் தேதி பிறந்தவர். அவருடைய பெற்றோர் இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கான் என்ற ஊரைச் சேர்ந்தவர்கள். 1947இல் நாடு துண்டாடப்பட்டபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு அகதிகளாக டெல்லி வந்து சேர்ந்தார்கள். டெல்லியின் அகதிக் குடியிருப்புகளில்தான் துவா வளர்ந்தார். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் மனதில் வெறுப்பை வளர்த்திருந்தால் அதற்கு ஆயிரம் சமாதானங்கள் சொல்லியிருப்பார்கள். அவர் அந்தப் பாதையில் போகவில்லை. பாபா ஃபரீதையும் புல்லே ஷாவையும் விரும்பிப் பாடிய மனிதர் அவர். பிரிவினையின் காயத்தைக் காட்டி ஓட்டு வாங்குவோர் பெருகிய நாட்டில் இதைக் குறித்துவைக்க வேண்டும்.

1974 நவம்பரில், 20 வயதில், தூர்தர்ஷனில் இளைஞர்களுக்கான ஒரு நிகழ்ச்சி மூலம் அவர் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். அன்று நம் நாட்டில் இருந்த ஒரே தொலைக்காட்சி அரசுத் தொலைக்காட்சிதான். தமிழகத்தில் சென்னை நிலையமே 1975 ஆகஸ்ட் 15ஆம் தேதிதான் தொடங்கப்பட்டது. அமைச்சர் ரிப்பன் வெட்டுவதும் அடிக்கல் நாட்டுவதும்தான் அன்று செய்தி!

1984 நாடாளுமன்றத் தேர்தலில் பிரணாய் ராயுடன் சேர்ந்து துவா தூர்தர்ஷனில் முடிவுகளை அலசினார். வாக்குச் சீட்டுகளைக் கையால் எண்ணிய காலம் அது. பிரணாய் ராய் ஆங்கிலத்தில் விளக்க, துவா இந்தியில் விளக்குவார். தேர்தல் என்றால் வென்றவர் பெயரை வாசிப்பது மட்டுமல்ல, மக்கள் ஏன் அப்படி வாக்களித்தார்கள் என்று ஆராய்வதும்தான் என்பதைச் சாதாரண மக்கள் அப்போதுதான் திரையில் பார்த்தார்கள்.

1985இல் வந்தது 'ஜன்வாணி'. மக்கள் குரல் என்று பொருள். அமைச்சரை உட்காரவைத்து, பொதுமக்கள் நேருக்கு நேர் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி. அரசாங்கத்தின் தொலைக்காட்சியில், அரசாங்கத்தின் சம்பளத்தில், அரசாங்கத்தின் அமைச்சரையே கேள்வி கேட்பது! அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமா? நீங்களே சொல்லுங்கள். நம் ஊரில் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தரிடம், ஐயா என் மனு என்ன ஆயிற்று என்று கேட்பதற்கே தொண்டை வறண்டுபோகிறதே!

1992 முதல் 1996 வரை தூர்தர்ஷனில் 'பரக்' என்ற வாராந்திர நடப்பு நிகழ்ச்சியை நடத்தினார். 1996இல் பி.டி. கோயங்கா விருது பெற்றார். தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. பிறகு சகாரா தொலைக்காட்சி, என்.டி.டி.வி. இந்தியா. 2008இல் பத்மஸ்ரீ விருது. கடைசிக் காலத்தில் 'தி வயர்' இணைய இதழிலும், பின்னர் யூடியூபில் தம் பெயரிலேயே நடந்த நிகழ்ச்சியிலும் பேசினார்.

இந்த வரிசையைச் சற்றுக் கவனியுங்கள். அரசுத் தொலைக்காட்சியில் தொடங்கினார். தனியார் தொலைக்காட்சிக்குப் போனார். கடைசியில் யூடியூபுக்கு வந்து சேர்ந்தார். ஒரு மனிதரின் வேலை மாற்றம் மட்டுமல்ல இது. இந்த நாட்டில் கேள்வி கேட்க இடம் எங்கே இருந்தது, எங்கெங்கே சுருங்கிப்போனது என்பதன் வரைபடமும் இதுவே. 2022இன் இறுதியில் என்.டி.டி.வி.யின் உரிமை அதானி குழுமத்தின் கைக்குப் போனபோது, நவம்பர் 30ஆம் தேதி ரவீஷ் குமார் விலகியதும், அவரும் யூடியூபுக்கே வந்ததும் இதே பாதையின் தொடர்ச்சிதான்.

இத்தனைக்கும் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், வான்அலைகள் பொதுச்சொத்து என்று சொல்லியிருக்கிறது. ஆறும் ஏரியும் எப்படியோ அப்படித்தான் ஒலி ஒளி செல்லும் அந்த அலையும். நம் சொத்தை வைத்துக்கொண்டு நம்மையே வசைபாட யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

வழக்கும் தீர்ப்பும்

மீண்டும் 2020க்கு வருவோம். மார்ச் 30ஆம் தேதி நிகழ்ச்சிக்காக, இமாச்சலப் பிரதேசம் சிம்லா மாவட்டத்தில் குமார்சைன் காவல் நிலையத்தில் ஓர் உள்ளூர் பா.ஜ.க. பிரமுகர் புகார் கொடுத்தார். மே 6ஆம் தேதி முதல் தகவல் அறிக்கை பதிவானது. மரணங்களையும் பயங்கரவாதத் தாக்குதல்களையும் வாக்கு வாங்கப் பிரதமர் பயன்படுத்தினார் என்று துவா பேசினாராம்; மக்களிடம் பீதியைக் கிளப்பினாராம். இதற்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 124-ஏ, அதாவது தேசத்துரோகப் பிரிவு!

அந்தப் பிரிவின் வரலாறு நமக்குத் தெரியாததா? 1870இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. 1908இல் நம் வ.உ.சிதம்பரனாரைச் சிறைக்கு அனுப்பியது அது. 1922இல் காந்தியடிகளுக்கு ஆறாண்டுத் தண்டனை வாங்கித் தந்தது அது. அதே 1922இல் மௌலானா அபுல் கலாம் ஆசாத்துக்கு ஓராண்டுக் கடுங்காவல் கொடுத்ததும் அதுவே. ஆசாத் யார்? 1912இல் 'அல்ஹிலால்' ஏட்டைத் தொடங்கிய பத்திரிகையாளர்! வெள்ளைக்காரன் போனான், அவன் வைத்துவிட்டுப்போன விலங்கு மட்டும் பத்திரமாக இருந்தது.

துவா உச்ச நீதிமன்றம் போனார். 2020 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளிலும் நீதிபதிகள் கூடி, அவரைக் கைதுசெய்யத் தடை விதித்தார்கள். விசாரணையை நிறுத்தவில்லை. 2021 ஜூன் 3ஆம் தேதி நீதிபதிகள் யு.யு.லலித், வினீத் சரண் ஆகியோர் இறுதித் தீர்ப்பு வழங்கினார்கள். வழக்கு ரத்து!

தீர்ப்பின் சாரம் இதுதான்: அரசின் செயல்களை விமர்சிக்கவும் கண்டிக்கவும் குடிமகனுக்கு உரிமை உண்டு. வன்முறையைத் தூண்டாத வரை, பொது அமைதியைக் குலைக்கும் நோக்கம் இல்லாத வரை, அது தேசத்துரோகம் ஆகாது. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு வகுத்த இந்தப் பாதுகாப்பு ஒவ்வொரு பத்திரிகையாளருக்கும் உண்டு.

துவா இன்னொரு கோரிக்கையும் வைத்திருந்தார். பத்தாண்டு அனுபவமுள்ள எந்தப் பத்திரிகையாளர் மீதும் உடனே வழக்குப் போடாமல், முதலில் ஒரு குழு அந்தப் புகாரைப் பரிசீலிக்க வேண்டும் என்பது. தாம் தப்பித்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் அது சட்டமியற்றும் அவையின் அதிகாரத்தில் தலையிடுவதாகும் என்று சொல்லி நீதிமன்றம் மறுத்துவிட்டது.

தீர்ப்பு வந்த அந்த மாதமே கொரோனாவால் மனைவியை இழந்தார். நோயின் பாதிப்பிலிருந்து அவரும் முழுமையாக மீளவில்லை. 2021 டிசம்பர் 4ஆம் தேதி, 67 வயதில் காலமானார்.

அவர் குறையே இல்லாத மனிதர் என்று எழுத நாம் வரவில்லை. 2018இல் ஒரு பெண் திரைப்பட இயக்குநர், பல ஆண்டுகளுக்கு முன் துவா தம்மிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். துவா அதை மறுத்தார். ஊரைக் கேள்வி கேட்பவரும் கேள்விக்கு உட்பட்டவர்தான். அதில் யாருக்கும் விலக்கு இல்லை.

பெயர் இல்லாதவர்களின் கதி

வாசகர்களே! துவாவுக்கு 46 ஆண்டுப் புகழ் இருந்தது. பத்மஸ்ரீ இருந்தது. பெரிய வழக்கறிஞர்கள் இருந்தார்கள். இவை எதுவும் இல்லாத ஒரு பத்திரிகையாளரின் கதி என்ன?

கேரளத்தைச் சேர்ந்த சித்தீக் காப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரப்பிரதேசம் ஹாத்ரஸில் ஒரு தலித் பெண் கொடூரமாகச் சிதைக்கப்பட்டு இறந்த செய்தியைச் சேகரிக்கப் புறப்பட்டார். 2020 அக்டோபர் 5ஆம் தேதி வழியிலேயே பிடித்தார்கள். யு.ஏ.பி.ஏ. சட்டம் பாய்ந்தது. 2022 செப்டம்பர் 9ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. கொடுத்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர், துவா வழக்கில் தீர்ப்பளித்த அதே யு.யு.லலித்! அதற்குப் பிறகும் இன்னொரு வழக்கைக் காட்டி உள்ளேயே வைத்திருந்தார்கள். 2023 பிப்ரவரி 2ஆம் தேதிதான் வெளியே வந்தார். ஏறத்தாழ 28 மாதங்கள்!

ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் திறந்த கதவு, இன்னொருவருக்குத் திறக்க இரண்டாண்டு ஆனது. துவா கேட்ட அந்தக் குழு ஏன் தேவைப்பட்டது என்பது இப்போது புரிகிறதா?

124-ஏ பிரிவை 2022 மே 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மகிழ்ந்தோம். 2024 ஜூலை 1ஆம் தேதி புதிய பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதில் 152ஆம் பிரிவு இருக்கிறது. 'தேசத்துரோகம்' என்ற சொல் இல்லை. நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவித்தல் என்று எழுதியிருக்கிறார்கள். ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். பலகையை மாற்றினார்கள், கடை அதே கடை!

நம் ஊருக்கு வந்த கேமராக்கள்

டெல்லியை விடுங்கள். நம் பகுதிக்குக் கேமராக்கள் எப்போது வந்தன?

2021 அக்டோபர் 26ஆம் தேதி சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை வெடித்து உயிர்கள் பலியானபோது வந்தன. 2022 ஜூலையில் கனியாமூர் பள்ளியில் மாணவி இறந்து, 17ஆம் தேதி கலவரம் வெடித்து, பள்ளிப் பேருந்துகள் எரிந்தபோது வந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் மடிந்தபோது வந்தன. பிணம் விழுந்தால் வருகிறார்கள்; பத்து நாளில் போய்விடுகிறார்கள்.

கடைவீதியின் நடுவே வெடிபொருள் வைக்க அனுமதி எப்படிக் கிடைத்தது? சாராயம் ஊருக்குள் வந்தது யாருக்கும் தெரியாதா? கல்வராயன் மலையில் சாலையும் மருத்துவமும் பிழைப்பும் ஏன் இல்லை? இந்தக் கேள்விகளைப் பிணம் விழுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டாமா? சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில், சென்னை உயர்நீதிமன்றம்தான் மலைவாழ் மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஜன்வாணியில் அமைச்சரை உட்காரவைத்துக் கேட்டது போல், நம் வட்டத்தில் அதிகாரியை உட்காரவைத்துக் கேட்க ஆள் இருந்திருந்தால்?

இங்கே தாலுகா நிருபர்கள் இல்லாமல் இல்லை. பலருக்கு நிரந்தரச் சம்பளம் கிடையாது. அனுப்பும் செய்திக்குத்தான் காசு. அவர்களுக்கு ஒரு மிரட்டல் வந்தால் பக்கத்தில் நிற்க நாதி இல்லை. இதுதான் நமக்கும் துவாவுக்கும் உள்ள சம்பந்தம்!

நாம் என்ன செய்யப்போகிறோம்?

வணிகச் சகோதரர்களே! பொய்ச் செய்தி முதலில் உடைப்பது உங்கள் கல்லாப்பெட்டியைத்தான். நிஜாமுத்தீன் விவகாரத்தில் 29 வெளிநாட்டினர் மீதான வழக்குகளை மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை 2020 ஆகஸ்ட் 21ஆம் தேதி ரத்து செய்தது. பத்திரிகையும் தொலைக்காட்சியும் பெரும் பிரச்சாரம் செய்ததையும், அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதையும் அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. நல்ல தீர்ப்பு! ஆனால் ஏப்ரலில் விரட்டப்பட்ட காய்கறி வண்டிக்காரனின் வியாபாரத்தை ஆகஸ்ட் தீர்ப்பு திருப்பிக் கொடுத்ததா? ஆகவே, ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும் விளம்பரம் கொடுக்கும்போது யாருக்குக் கொடுக்கிறோம் என்று பாருங்கள். உண்மையை எழுதும் சிறு பத்திரிகைக்கு உங்கள் கால்பக்க விளம்பரம் ஒரு மாத உயிர்.

தொலைக்காட்சியில் விஷம் கக்கினால் டீக்கடையில் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவது நம் வழக்கம். இதை மாற்ற வேண்டும். 2021 ஜூனில் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி, நிகழ்ச்சி பற்றிய புகாரை முதலில் அந்தத் தொலைக்காட்சிக்கே எழுத வேண்டும். அவர்கள் 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அவர்கள் உறுப்பினராக உள்ள சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு 15 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்கிறீர்களா? நடந்திருக்கிறது. ஹிஜாப் பற்றிய விவாதத்துக்காக 2022 அக்டோபரில் நியூஸ்18 இந்தியாவுக்கு 50,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 28ஆம் தேதி டைம்ஸ் நவ் நவ்பாரத்துக்கு ஒரு லட்சம், நியூஸ்18 இந்தியாவுக்கு மீண்டும் 50,000 ரூபாய். அந்த நிகழ்ச்சிகளை நீக்கவும் உத்தரவு. விதித்தது செய்தி ஒளிபரப்பாளர்களின் தர ஆணையம். புகார் எழுதியது பெரிய இயக்கமோ கட்சியோ அல்ல. ஒரு தனி மனிதர்! தேதி, நேரம், சொன்ன வாசகம், மீறிய விதி என்று நிதானமாக எழுதினார். கல் எறியாமல், பேருந்தை மறிக்காமல் சாதித்தார். கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கு இந்த அபராதம் சில்லறைதான். ஆனாலும் நிகழ்ச்சி நீக்கப்பட்டது; தவறு பதிவாகிவிட்டது.

இளைஞர்களே! நம் வீட்டுப் பிள்ளைகள் கடைக்குப் போகிறார்கள். வளைகுடாவுக்குப் போகிறார்கள். இன்று பொறியியலும் படிக்கிறார்கள். இதழியல் படிக்க எத்தனை பேர்? மீடியா நம் கையில் இல்லை என்று மேடைதோறும் புலம்புகிறோம். கையில் கேமரா எடுக்க ஒரு பிள்ளையை அனுப்பினோமா? சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது. ஜமாஅத்துகள் ஆண்டுக்கு ஒரு மாணவனுக்கும் ஒரு மாணவிக்கும் இதழியல் படிக்க உதவித்தொகை கொடுத்தால் பத்து ஆண்டில் நிலைமை மாறும்.

ஆனால் ஒன்று. அப்படிப் போகிற பிள்ளை நமக்காகக் கூச்சல் போடும் ஆளாக இருக்கக் கூடாது. நம் ஜமாஅத் நிர்வாகத்தின் கணக்கையும், நம் வக்ஃப் சொத்தின் நிலையையும், நம் தலைவர்களையும் கேள்வி கேட்கும் ஆளாக இருக்க வேண்டும். அப்போது அவன் மீது கோபப்படாமல் இருக்க நாமும் பழக வேண்டும்! நமக்குப் பிடித்த கேள்வியை மட்டும் கேட்பவன் பத்திரிகையாளன் அல்ல.

கையில் இருக்கும் செல்போனும் ஒரு தொலைக்காட்சி நிலையம்தான். கனியாமூரில் வதந்தி எப்படிப் பரவியது, எத்தனை இளைஞர்கள் வழக்கில் சிக்கினார்கள் என்பதை நாம் கண்முன்னே பார்த்தோம். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது 1,400 ஆண்டுகளுக்கு முன்பே நமக்கு இடப்பட்ட கட்டளை. அதை அடுத்தவனுக்கு மட்டும் போதித்துவிட்டு, வந்ததையெல்லாம் வாட்ஸ்அப்பில் தள்ளிக்கொண்டிருந்தால் அந்த முதல் வகைக் கேமராவுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

வினோத் துவா நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். நமக்காக வக்காலத்து வாங்குவதையே தொழிலாகக் கொண்டவரும் அல்லர். ஆட்சியில் இருப்பவனைப் பார்த்து, மக்கள் சார்பில், மரியாதையான சொற்களில், பயமில்லாமல் கேட்டார். அவ்வளவுதான். அப்படிக் கேட்பவர்கள் இருக்கும் நாட்டில்தான் சிறுபான்மையினரும் ஏழைகளும் மலைவாழ் மக்களும் தலைநிமிர்ந்து வாழ முடியும்.

அடுத்த முறை உங்கள் ஊர் நிருபர் ஒருவர் ஓர் அதிகாரியிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டு மிரட்டலுக்கு ஆளானால், அவர் எந்த மதம், எந்த சாதி, எந்தப் பத்திரிகை என்று பார்க்காதீர்கள். கடையை அரை மணி நேரம் பையனிடம் ஒப்படைத்துவிட்டுக் காவல் நிலையம் வரை அவரோடு போய் நில்லுங்கள்.